பைலட் சூட் எந்த அளவில் வேண்டும்? தருமபுரி, கிருஷ்ணகிரி ஸ்கைடைவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலைக்காக துபாய் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அங்கேயே ஸ்கைடைவிங் உரிமமும் வாங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஸ்பெயினின் எம்பூரியாபிராவா வரை போய்ப் பயிற்சி முடித்து வருகிறார்கள். அடுத்து சொந்த ரிக், அதாவது முதுகில் மாட்டும் பாராசூட் தொகுப்பு வாங்குகிறார்கள். புதிது வாங்க வசதியில்லாதவர்கள் பழையதாக வாங்குகிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது அதையும் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். தருமபுரியிலோ ஓசூரிலோ பக்கத்துத் தெருவில் ரிக்கர், அதாவது பாராசூட்டைச் சோதித்துச் சரிபார்ப்பவர் கிடைப்பதில்லை என்பதால் சந்தேகங்கள் எனக்கு வருகின்றன. அவற்றில் அதிகம் பைலட் சூட், அதாவது பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட் பற்றியவை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்குப் பதில் எழுதி இங்கே வைத்திருக்கிறேன். உங்கள் ரிக்கைக் கையில் எடுத்துப் பார்த்து ஒரு ரிக்கர் சொல்வதற்கும் இங்கே எழுதியிருப்பதற்கும் முரண் வந்தால், ரிக்கர் சொல்வதையே கேளுங்கள்.

பைலட் சூட் உண்மையில் செய்யும் வேலை என்ன?

மெயின் எனப்படும் முதன்மைப் பாராசூட்டை வெளியே இழுத்து எடுப்பது. அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு வேலையில் பல கட்டங்கள் அடங்கியிருக்கின்றன. ரிக்கின் அடிப்புறத்தில், வலது கைக்கு எட்டும் இடத்தில், நெகிழும் துணியால் தைத்த பௌச்சுக்குள் அது மடித்து வைக்கப்பட்டிருக்கும். கைப்பிடியைப் பற்றி இழுத்து, பக்கவாட்டில் காற்றில் வீசுகிறீர்கள். காற்று பிடித்ததும் அது விரிந்து, பிரைடில் எனப்படும் நாடாவை இறுக்குகிறது. நாடாவில் தைத்திருக்கும் வளைந்த உலோக ஊசி (பின்), முதுகுப் பையை மூடி வைத்திருக்கும் குளோசிங் லூப் என்ற கயிற்று வளையத்திலிருந்து உருவிக்கொள்கிறது, கண்டெய்னர் எனப்படும் அந்த முதுகுப் பை திறக்கிறது. பிறகு மெயின் மடித்து வைத்த டிபேக் என்ற உள்பை முதுகிலிருந்து மேலே தூக்கப்படுகிறது. ரப்பர் பேண்டுகளில் கட்டியிருக்கும் கயிறுகள் மடிப்பு மடிப்பாக விடுபட்டு, முழு நீளமும் நீண்ட பிறகுதான் பையின் வாய் திறந்து மெயின் வெளியே வர வேண்டும்.

கையால் வீசும் இந்த முறையை 1970களில் அமெரிக்கரான பில் பூத் கொண்டுவந்தார். மெயினைக் கழற்றிவிட உதவும் மூன்று வளைய அமைப்பும் அவருடையதே. அதற்கு முன் ஸ்பிரிங் வைத்த பைலட் சூட்தான் வழக்கம். இன்றும் மெயின் கைவிட்டால் காப்பாற்றும் ரிசர்வ் பாராசூட்டிலும், சில மாணவர் ரிக்குகளிலும் ஸ்பிரிங் வகை இருக்கிறது.

அளவு என்று சொல்வது எதை?

விட்டத்தை. அங்குலத்தில் சொல்வார்கள். மேல்பாதித் துணியை (கீழ்ப்பாதி வலை) தரையில் தட்டையாக விரித்து, ஓரத் தையலில் தொடங்கி மையம் வழியாக எதிர் ஓரத் தையல் வரை அளக்க வேண்டும். நம் வீடுகளில் கிரானைட் தரைக்குப் பஞ்சமில்லை. அதைத் துடைத்துவிட்டு அதன்மேல் விரித்தால் துணி வழுக்கிச் சமமாகப் படியும், டெய்லர் டேப்பை வைத்து எளிதாக அளந்துவிடலாம். கில் லைன், அதாவது வேலை முடிந்ததும் பைலட் சூட்டைச் சுருக்கும் கயிறு உள்ள வகை என்றால் முதலில் அதைத் தயார் நிலைக்கு இழுத்துவிட்டு (எப்படி என்று கீழே சொல்கிறேன்) அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுப்பகுதி உள்ளே இழுபட்டு அளவு குறைவாகக் காட்டும். ஒரு திசையில் மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக அளக்கும்போது ஒரு அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் துணி ஒருபக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டது காற்றில் சுழலும்.

சில நிறுவனங்கள் துணியில் அளவை அச்சிட்டிருக்கும். அச்சு இருந்தாலும் அளந்து பாருங்கள். பழைய ரிக்கில் பைலட் சூட் ஏற்கெனவே மாற்றப்பட்டிருப்பது மிகச் சாதாரணம்.

சரி, எனக்கு எத்தனை அங்குலம்?

நேரடியான பதில்: உங்கள் கண்டெய்னரைத் தயாரித்த நிறுவனம் அந்தக் கண்டெய்னர் அளவுக்கும் உங்கள் மெயினுக்கும் எதைப் பரிந்துரைக்கிறதோ, அது. மின்னஞ்சலில் வரிசை எண்ணையும் மெயினின் பெயர், அளவையும் எழுதிக் கேட்டால் பதில் தருவார்கள். பலரும் இதைச் செய்யாமல், கூடக் குதிப்பவரிடம் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அவருடைய மெயின் 135 சதுர அடி, உங்களுடையது 210 என்றால் அவருக்குச் சரியாக இருந்தது உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் பதில் வரும்வரை ஒரு நிதானம் வேண்டும் என்பதற்காகப் பொதுவான வரம்பைச் சொல்கிறேன். காற்று ஊடுருவாத ஜீரோ போராசிட்டி துணியில், அதாவது இசட்பி துணியில் தைத்தது என்றால் ஸ்போர்ட் ரிக்குகளில் பெரும்பாலும் 24 முதல் 28 அங்குலம் வரை பார்க்கலாம். 120 சதுர அடிக்குக் கீழான சிறிய மெயின்களுக்கு அந்த வரம்பின் கீழ்முனை, 150 முதல் 190 வரையிலான நடுத்தர மெயின்களுக்கு மேல்முனை, 200ஐத் தாண்டிய கனமான மெயின்களுக்கு அதைவிடச் சற்றுப் பெரியது. எஃப்-111 எனப்படும், கொஞ்சம் காற்றை விடும் துணியில் தைத்தது என்றால் அதே வேலைக்கு 30 முதல் 36 அங்குலம் வரை தேவைப்படும்.

ஆகவே துணியைச் சொல்லாமல் அங்குலத்தை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. "நான் 30 போட்டிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், எந்தத் துணி என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். எஃப்-111இல் 30 என்பது சாதாரணம். 150 சதுர அடி மெயினுக்கு இசட்பியில் 30 என்பது தேவைக்கு மேல்.

24க்கும் 28க்கும் நான்கு அங்குலம்தானே வித்தியாசம்?

விட்டத்தில் நான்கு அங்குலம். இழுக்கும் விசை பரப்பளவைப் பொறுத்தது, பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 28ஐ 24ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 1.36. அதாவது 36 சதவீதம் கூடுதல் பரப்பு.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மணிக்கு சுமார் 193 கிலோமீட்டர் வேகத்தில் வயிறு கீழாக விழுகிறீர்கள், தரைமட்டக் காற்றைவிடக் கொஞ்சம் மெலிந்த காற்று, இழுவைக் கெழு (காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.6 என்று வைத்துக் கணக்கிட்டால் 24 அங்குல பைலட் சூட் சுமார் 28 கிலோ எடைக்கு நிகரான விசையிலும், 28 அங்குலம் சுமார் 38 கிலோவுக்கு நிகரான விசையிலும் இழுக்கும். கெழு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும் என்பதால் இந்தக் கிலோக் கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதத்தை மனதில் வையுங்கள்.

வேகத்துக்கும் இதே வர்க்கக் கணக்குதான். வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். அந்த 38 கிலோ, விமானத்திலிருந்து குதித்த உடனே வீசினால் பத்துப் பன்னிரண்டு கிலோவாகக் குறைந்திருக்கலாம். குதித்தவுடன் திறக்கும் பழக்கம் உள்ளவர்கள் ரொம்பச் சிறியதைப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

என் எடை 95 கிலோ. பெரிய பைலட் சூட் தேவைப்படுமா?

உடல் எடைக்காகத் தேவையில்லை. பைலட் சூட் உங்களைத் தூக்குவதில்லை, டிபேக்கையும் மெயினையும்தான் தூக்குகிறது. எடை அதிகம் என்றால் வீழ்ச்சி வேகமும் சற்று அதிகம், எனவே விசை தானாகவே கூடுகிறது. ஆனால் 95 கிலோ ஆளுக்கு மெயின் பெரிதாக இருக்கும், பெரிய மெயின் கனமாக இருக்கும். அந்தக் கனத்துக்காகத்தான் பெரிய அளவு வருகிறது.

சிறியதாக இருந்தால் என்ன நடக்கும்?

மூன்று விதமாகத் தெரியும். முதலாவது தயக்கம்: வீசிய பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியும் முதுகில் எந்த அசைவும் இல்லை, பிறகு திடீரென்று கிளம்புகிறது. முதுகுக்குப் பின்னால் காற்று கலங்கிச் சுழலும் பகுதி ஒன்று உண்டு. வலு குறைந்த பைலட் சூட் அதற்குள் சிக்கித் தத்தளிக்கும். இரண்டாவது, பை எழுந்தாலும் ஒரே சீராக எழாமல் விட்டுவிட்டு எழுவதால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில் மெயின் திறக்கிறது.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. பைலட் சூட் வெளியே விரிந்து பிரைடிலின் முனையில் ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் பின் உருவாது, அல்லது பின் உருவியும் பை எழாது. பைலட் சூட் இன் டோ என்று பயிற்சியில் சொல்லித்தந்த நிலை இது. அந்த வேகத்தில் 1,000 அடி கரைய ஆறு வினாடிகூட ஆகாது. ரிசர்வை நேரடியாக இழுப்பதா, மெயினைக் கழற்றிவிட்டு ரிசர்வை இழுப்பதா என்று இரண்டு நடைமுறைகள் உண்டு. உங்கள் ரிக்குக்கு எது என்பதைப் பயிற்சியாளரோடு தரையிலேயே பேசி முடிவு செய்து, அதையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யுங்கள். மேலே போய் யோசிக்க நேரம் இருக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மூன்று அறிகுறிகளில் எது வந்தாலும் உடனே "அளவு போதவில்லை" என்று முடிவுகட்டிப் பெரியது வாங்குகிறவர்கள் அதிகம். குளோசிங் லூப் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தாலும், கில் லைனை இழுத்துவிடாமல் மடித்திருந்தாலும், துணி நைந்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். என் அனுபவத்தில் அளவுக் கோளாறைவிட நிலைக் கோளாறு அதிகம். 28 அங்குலம் நல்ல நிலையில் இருந்தால் செய்யும் வேலையை, நைந்துபோன 30 செய்யாது.

பெரியதாக இருந்தால் பாதுகாப்புதானே?

இல்லை, இது ஆபத்தான எண்ணம். பை தேவைக்கு மேல் வேகத்தோடு பிடுங்கப்பட்டால், கயிறுகள் மடிப்பு மடிப்பாக விடுபடுவதற்குப் பதிலாகக் கொத்தாகக் கொட்டிவிடும். கயிறு முழுவதும் நீள்வதற்கு முன்பே பை உருவிக்கொண்டு மெயின் வெளிப்பட்டால், திறக்கும்போது விழும் அடி கழுத்தையும் முதுகையும் பதம் பார்க்கும், மெயினும் கிழியலாம். கொட்டிய கயிறு எதிலாவது சிக்கவும் வாய்ப்புண்டு.

இன்னொரு தொல்லை பௌச்சில் இருக்கிறது. 26 அங்குலத்துக்குத் தைத்த பௌச்சில் 30ஐத் திணித்தால் வீசும் நேரத்தில் அது இறுகிக்கொண்டு வராமல் போகலாம். இன்னும் மோசமாக, துணியின் ஓரம் வெளியே பிதுங்கி நின்றால் தலைகீழாக வேகமாகப் பறக்கும்போது காற்றே அதை உருவி எடுத்துவிடும். மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில், நீங்கள் எதிர்பாராத நேரத்தில் மெயின் திறப்பது உயிருக்கே ஆபத்து.

திறக்கும்போது அடி பலமாக விழுகிறது. சிறிய பைலட் சூட்டுக்கு மாறினால் குறையுமா?

குறையலாம், ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். முதலில் ஸ்லைடர், அதாவது கயிறுகளில் வழுக்கி இறங்கி மெயினை மெதுவாக விரியவிடும் துணி, மடிக்கும்போது மேலேயே, தடைகளில் ஒட்டியே நிற்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பேண்டுகள் தளர்ந்திருக்கிறதா, கயிறுகள் சுருங்கி அளவு மாறியிருக்கிறதா, வீசுவதற்கு முன் வேகத்தைக் குறைத்தீர்களா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் அடி விழுகிறது, பைலட் சூட்டும் பரிந்துரைத்ததைவிடப் பெரியது என்றால் அப்போது மாற்றுங்கள்.

ஓசூர் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் பெரிய பைலட் சூட் வேண்டாமா?

நல்ல கேள்வி. பேளகொண்டப்பள்ளி பக்கம் தனியார் விமான ஓடுதளம் இருப்பதால், என்றாவது அங்கே குதிக்கும் வாய்ப்பு வந்தால் என்ன செய்வது என்று ஓசூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பதில்: வேண்டாம்.

காரணம் இது. காற்று மெலிந்திருந்தால் நீங்கள் வேகமாக விழுகிறீர்கள். உங்கள் எடையைச் சமன்செய்யும் அளவுக்குக் காற்றின் அழுத்தம் எழும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும். ஆகவே முழு வேகத்தில் விழும்போது உடலின்மேல் படும் காற்றழுத்தம் சென்னைக்கு மேலும் ஓசூருக்கு மேலும் ஒன்றுதான். பைலட் சூட்டும் அதே காற்றில்தான் இருக்கிறது, அதே அழுத்தத்தைத்தான் உணர்கிறது, அதே விசையில்தான் இழுக்கிறது. குதித்தவுடன் வீசினாலும் பெரிய மாற்றம் இல்லை. விமானி தன் கருவி காட்டும் காற்று வேகத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார், அந்தக் கருவி அளப்பதே காற்றின் அழுத்தத்தைத்தான்.

மாறுவது வேறு. ஓசூர் தரையிலிருந்து 3,000 அடியில் திறந்தால் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடியில் திறக்கிறீர்கள். கடற்கரையோர ஊரில் அதே 3,000 அடியில் திறப்பதோடு ஒப்பிட்டால் உண்மையான வேகம் ஏறக்குறைய 5 சதவீதம் அதிகம். அடி சற்றுக் கூடுதலாகத் தெரியும், தரையிறங்கும் வேகமும் கூடும். இதற்கெல்லாம் பெரிய பைலட் சூட் மருந்து அல்ல. தருமபுரி சுமார் 1,500 அடி என்பதால் அங்கே இந்த வித்தியாசம் இன்னும் குறைவு.

கில் லைன் என்றால் என்ன? அதற்கும் அளவுக்கும் என்ன தொடர்பு?

மெயின் திறந்த பிறகு பைலட் சூட்டுக்கு வேலை இல்லை. விரிந்தபடியே பின்னால் இழுத்துக்கொண்டிருந்தால் மெயினின் மேல்துணியைக் குழித்து அதன் வேகத்தைக் கெடுக்கும். பெரிய மாணவர் மெயினில் இது பொருட்டல்ல, 150க்குக் கீழே நன்றாகவே உறைக்கும். எனவே பிரைடிலின் உள்ளே ஒரு மெல்லிய கயிறு ஓடுகிறது. மெயின் விரியும் விசையில் அது இழுபட்டு, பைலட் சூட்டின் உச்சியை உள்ளே இழுத்துச் சுருக்கிவிடுகிறது. அதுதான் கில் லைன்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அதை மறுபடி தயார் நிலைக்கு இழுத்துவிட வேண்டும். டிபேக் பக்கம் ஒரு கையால் பிடித்து, பைலட் சூட்டின் அடியை மறு கையால் இழுத்தால், பின் அருகே பிரைடிலில் உள்ள சிறு சன்னலில் கயிற்றின் வண்ணப் பகுதி வந்து நிற்கும். பச்சையோ நீலமோ, அந்த வண்ணம் தெரிந்தால்தான் தயார். மடிக்கும் இடத்தில் யாராவது பேச்சுக் கொடுத்து, இந்த ஒரு செயலை மறந்தால் 28 அங்குல பைலட் சூட் வெறும் கந்தலாக வெளியே போகும். கண்டெய்னரை மூடுவதற்கு முன் ஒருமுறை, ரிக்கை மாட்டுவதற்கு முன் ஒருமுறை அந்தச் சன்னலைப் பாருங்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். கில் லைன் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரா கயிறு. உராய்வில் எழும் சூடு ஸ்பெக்ட்ராவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும். நூற்றுக்கணக்கான குதிப்புகளுக்குப் பிறகு சில அங்குலம் குறைந்துபோகும். அப்போது தயார் நிலைக்கு இழுத்தாலும் உச்சி உள்ளே இழுபட்டே நிற்கும். பைலட் சூட் முழுதாக விரியாது. சன்னலில் வண்ணம் தெரியும், ஆனால் காற்றில் 28இன் வலு 24க்கும் கீழே போயிருக்கும். வெக்ட்ரன் கயிறு இப்படிச் சுருங்காது, ஆனால் நைந்து பிசிறடிக்கும்.

சோதிப்பது எளிது. தயார் நிலைக்கு இழுத்துவிட்டு, அடியில் பிரைடில் சேரும் இடத்தை ஒருவர் பிடிக்க, மற்றவர் கைப்பிடியைப் பிடித்து நேராக இழுங்கள். துணியும் வலையும் விறைப்பாக வேண்டும். அவை தொளதொளவென்று தொங்க, நடுக்கயிறு மட்டும் விறைத்து எல்லாப் பாரத்தையும் தாங்கினால் கில் லைன் சுருங்கிவிட்டது. எத்தனை அங்குலம் குறைந்தால் மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். மாற்றுவது ரிக்கரின் வேலை. பைலட் சூட் பற்றி இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படித்துவிட்டுப் போவீர்கள் என்றால் அது இந்தப் பதிலாக இருக்கட்டும்.

பழைய ரிக் வாங்குகிறேன். பைலட் சூட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

துணியைத் தொட்டுப் பாருங்கள். இசட்பி துணி புதிதாக இருக்கும்போது வழவழவென்று, கையில் நழுவும், கசக்கினால் சரசரக்கும். சரசரப்பு போய்ப் பருத்தித் துணிபோல் மெத்தென்று ஆகியிருந்தால் மேல்பூச்சு தேய்ந்து காற்றை விடத் தொடங்கிவிட்டது. எஃப்-111 இன்னும் சீக்கிரமாகவே இந்த நிலைக்கு வந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வலைப் பகுதியில் கிழிசல் இருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஓடும் நாடாக்கள் எல்லாம் ஒரே நீளமா என்று சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒன்று நீண்டிருந்தால் பைலட் சூட் ஒருபக்கமாகச் சாய்ந்து வட்டமடிக்கும். பின்னில் வளைவோ கீறலோ இருக்கக்கூடாது. பௌச்சின் நெகிழ்வும் வாய்ப்பட்டையின் இறுக்கமும் போயிருந்தால் அதையும் மாற்றக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள். முந்தைய உரிமையாளரின் மெயின் என்ன அளவு என்று கட்டாயம் கேளுங்கள்.

நம் ஊர் தூசி, வெயில் இதைப் பாதிக்குமா?

நிச்சயம் பாதிக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்குவாரிகளும் கிரானைட் அறுக்கும் பட்டறைகளும் அதிகம். கல்தூள் கூர்மையானது. கில் லைன் ஓடும் குழலுக்குள் புகுந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் கயிற்றை அராவும். குவாரிச் சாலையோர வீட்டு வாசலில் வைத்து மடிப்பது, மடிக்கக் கற்றுத்தருவது எல்லாம் வேண்டாம். வீட்டுக்குள் ஒரு தார்ப்பாய் விரித்து அதன்மேல் மடியுங்கள்.

நைலானுக்குப் பெரிய எதிரி சூரியனின் புற ஊதாக் கதிர். நனைந்துவிட்டது என்று மொட்டைமாடியில் கொடியில் போடாதீர்கள், மின்விசிறிக் காற்றில் நிழலில் காயட்டும். சோப்புத்தூள் போட்டுத் துவைக்கவும் வேண்டாம். சித்திரை வெயிலில், பூட்டிய காருக்குள் ரிக்கை வைத்துவிட்டுப் போவது ரப்பர் பேண்டுகளுக்கும் நெகிழ் துணிக்கும் கேடு.

நல்ல டெய்லர் ஒருவரைத் தெரியும். துணி வாங்கிக் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. துணி எந்தச் சாய்வில் வெட்டப்பட வேண்டும், எந்த நூல், எந்த இடத்தில் எத்தனை தையல், நாடாக்களின் நீளம் எத்தனை என்பதெல்லாம் சோதித்து முடிவான அளவுகள். காற்றில் முப்பது நாற்பது கிலோ விசையைத் திடீரென்று தாங்க வேண்டிய பொருள் இது. புதிய பைலட் சூட்டின் விலை ஒரு ரிக்கின் விலையில் மிகச் சிறிய பங்குதான். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தருமபுரிப் பட்டில் தைத்தால்?

பட்டுக்கூடு அங்காடி இருக்கும் ஊர் என்பதால் இதை ஆசையோடு கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் பாராசூட்டுகள் பட்டில்தான் தைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு வரத்து நின்றதால் அமெரிக்கா நைலானுக்கு மாறியது. 1942 ஜூனில் கனெக்டிகட்டில் அடலின் கிரே என்ற பெண் நைலான் பாராசூட்டில் குதித்துக் காட்டினார். நைலான் ஈரத்தைத் தாங்கியது, பூஞ்சை பிடிக்கவில்லை, விசையில் நன்கு நீண்டு கொடுத்தது. அதன் பிறகு பட்டுக்குத் திரும்ப யாருக்கும் காரணம் இருக்கவில்லை. நம் பட்டு புடவையாகவே இருக்கட்டும்.

விங்சூட் பறக்கத் தொடங்கியிருக்கிறேன். பழைய பைலட் சூட் போதுமா?

பெரும்பாலும் போதாது, ஆனால் குறை அளவில் மட்டும் இல்லை. கைகால்களுக்கு இடையே துணி இறக்கை வைத்த விங்சூட் உடையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் கலங்கிய காற்றின் பகுதி மிகப் பெரிது. பைலட் சூட் அதைத் தாண்டித் தெளிந்த காற்றை எட்ட வேண்டும். அதனால் பிரைடிலின் நீளம் கூட வேண்டும். சாதாரண ரிக்கில் ஏழு அடி போல இருப்பது விங்சூட்டில் எட்டு முதல் பத்து அடி வரை போகும். அளவு இசட்பியில் 28 முதல் 30 வரை வைப்பது வழக்கம். நீண்ட பிரைடிலை மட்டும் மாற்றிவிட்டுச் சிறிய பைலட் சூட்டையே வைத்துக்கொள்வதும், பெரிய பைலட் சூட்டைக் குட்டையான பிரைடிலில் மாட்டுவதும் அரைகுறை வேலை. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், விங்சூட் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

பேஸ் ஜம்பிங்குக்கான 38 அங்குலம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அவை 32 முதல் 48 அங்குலம் வரை இருப்பதற்குக் காரணம், பாறையிலிருந்து குதித்த சில வினாடிகளில், வேகமே எடுக்காத நிலையில் மெயினை இழுக்க வேண்டும் என்பது. அதை முழு வேகத்தில் வீசினால் பெரிய பைலட் சூட் பற்றி மேலே சொன்னதெல்லாம் பன்மடங்காக நடக்கும். ஒகேனக்கல் பாறைகளைக் காட்டி, அங்கே குதிக்க எது தேவை என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ரிசர்வின் பைலட் சூட்டையும் மாற்றலாமா?

தொடவே கூடாது. அது ரிசர்வோடும் கண்டெய்னரோடும் சேர்த்துச் சான்றளிக்கப்பட்ட பகுதி. தகுதி பெற்ற ரிக்கர் மட்டுமே திறக்கலாம். அமெரிக்க விதிப்படி ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை திறந்து சோதித்து மறுபடி மடிக்க வேண்டும்.

ஏலகிரியில் பாராகிளைடிங் செய்கிறேன். எனக்கு இது பொருந்துமா?

இல்லை. பாராகிளைடர் தரையிலேயே விரிந்துவிடுகிறது, அதை இழுக்கப் பைலட் சூட் தேவையில்லை. உங்கள் ரிசர்வும் பொதுவாகக் கையால் வீசும் வகை.

புதிய பைலட் சூட் மாட்டிவிட்டேன். முதல் குதிப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

விமானம் ஏறுவதற்கு முன் ரிக்கை மாட்டிக்கொண்டு, தரையிலேயே பைலட் சூட்டைப் பௌச்சிலிருந்து இழுத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில், கை சுளிக்காமல் வர வேண்டும். பிறகு இன்னொருவரை பிரைடிலை மேலே தூக்கச் சொல்லி, பின் எவ்வளவு எளிதாக உருவுகிறது, பை எங்காவது ஒட்டுகிறதா என்று பாருங்கள். மறுபடி மடித்து, சன்னலில் வண்ணத்தைப் பார்த்து மூடுங்கள்.

முதல் குதிப்பு தனியாக இருக்கட்டும். கூட்டமாகச் சேர்ந்து செய்யும் குதிப்பில் சோதிக்க வேண்டாம். வழக்கமாகத் திறக்கும் உயரத்தைவிட 1,500 அடியாவது மேலே, 5,000 அடி போல, நிலையான வேகத்தில் வீசுங்கள். வீசியதிலிருந்து பை எழும்வரை எண்ணுங்கள். தோளுக்கு மேலே பார்த்து, கயிறுகள் சீராக நீள்கின்றனவா, மெயின் எந்தத் திசையில் திறக்கிறது என்று கவனியுங்கள். ஹெல்மெட்டில் கேமரா வைத்திருப்பவர் ஒருவர் பக்கத்திலிருந்து எடுத்துத் தந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. கீழே வந்ததும் நினைவில் இருக்கும்போதே குறிப்பேட்டில் எழுதுங்கள். குறைந்தது ஐந்தாறு குதிப்புகளில் ஒரே மாதிரி திறந்த பிறகுதான், விமானத்திலிருந்து குதித்தவுடன் திறக்கும் தாழ்வான குதிப்புகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஒருமுறை தயங்கினாலும் அந்த நாளோடு நிறுத்தி, ரிக்கரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.